உப்புத் தண்ணி சுத்தமா?

ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஒன்றல்ல, இரண்டு. அடுப்படிக் குடத்தில் மூடி வைத்திருப்பது 'நல்ல தண்ணி'. ஊருணியிலிருந்து சுமந்து வந்ததாக இருக்கும், காவிரிக் கூட்டுக் குடிநீராக இருக்கும், அல்லது குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியதாக இருக்கும். போர் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, வீட்டுக் குழாயில் திறந்து விடுவது 'உப்புத் தண்ணி'.

இந்த இரண்டாவது தண்ணீரின் சேட்டைகளை எந்தக் குடும்பத்தலைவியும் மூச்சு விடாமல் அடுக்குவார். துவரம்பருப்பு எத்தனை விசில் வந்தாலும் மசியாது. சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டும். வெள்ளை வேட்டி பழுப்பேறும். ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். ஹீட்டர் காயிலைக் கழற்றினால் அதன்மேல் வெள்ளையாக ஓர் ஓடு. எவர்சில்வர் குடத்தில் படிந்த கறை புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

காரணம் கால்சியமும் மக்னீசியமும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. வழியிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. சூடு பட்டால் அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாக மறுபடி படிகிறது. கெட்டிலின் அடியில் காண்பது அதைத்தான்.

குடிக்க ஆகாது என்று ஒதுக்கிய இதே தண்ணீரில்தான் குளித்துவிட்டுச் சாமி கும்பிடுகிறார்கள். இதே குழாயடியில்தான் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத் தொழப் போகிறார்கள். வாய்க்கு ஆகாத நீர் வழிபாட்டுக்கு மட்டும் எப்படித் தூய்மையாகிறது?

இதற்கு மிகத் தெளிவான பதிலைச் சொன்னவர்களில் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி. கீழக்கரை உள்ளிட்ட தமிழகக் கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டவழியின் பெரிய அறிஞர். அவருடைய 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூல் தரும் விதி இது: நீண்ட நாள் தேங்கியதாலோ, மண்ணாலோ, பாசியாலோ, தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ள பொருளாலோ நீர் மாறினால், அதன் தூய்மை செய்யும் தன்மை கெடுவதில்லை. அவற்றிலிருந்து நீரைக் காப்பாற்றுவது யாராலும் ஆகாது. வெளியிலிருந்து குங்குமப்பூ போன்ற ஒன்று விழுந்து, இதை இனி வெறும் தண்ணீர் என்று சொல்ல முடியாது என்ற அளவுக்குக் கலந்துவிட்டால் கதை வேறு. மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் ஒளு கூடாது.

ஆக, எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து இந்த விதி முடிவு செய்வதில்லை. கரைந்தது எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்கிறது.

நம் காலத்துத் தத்துவவாதிகளும் வேறொரு வாசல் வழியாக இங்கே வந்து நின்றார்கள். நீர் என்றால் எச்2ஓ என்ற மூலக்கூறுதான், பார்வையும் ருசியும் பொருட்டல்ல என்று 1975இல் வாதிட்டார் ஹிலரி புட்னம். நோம் சாம்ஸ்கி அதை ஒரு தேநீர்க் கோப்பையால் மறித்தார். குழாய்த் தண்ணீரில் தேயிலைப் பையை நனைத்தால் அது தேநீர். நகரத்தின் நீர்த்தேக்கத்திலேயே வடிகட்டியாகத் தேயிலையைப் போட்டு, அதே பொருள் அதே அளவில் கரைந்து குழாயில் வந்தால்? மக்கள் அதைத் தண்ணீர் என்றே பிடிப்பார்கள். அழுக்குத் தண்ணீர் என்று வேண்டுமானால் திட்டுவார்கள். குங்குமப்பூ விதியும் தேயிலைப் பையும் சந்திக்கும் இடம் இது.

மூலக்கூறுக் கணக்கு மட்டுமே தூய்மையென்றால், ஊரிலேயே தூய்மையான நீர் பேட்டரிக் கடையில் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் அந்த டிஸ்டில்டு வாட்டரை எந்தக் கோயிலும் அபிஷேகத்துக்குக் கேட்டதில்லை. மாறாக, கார்த்திகைச் சோமவாரங்களில் சிவாலயங்களில் 108 சங்கிலோ 1008 சங்கிலோ நீர் நிரப்பி அபிஷேகம் நடக்கிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கப்பட்ட அந்தச் சங்கும் கால்சியம் கார்பனேட்தான். கெட்டிலில் அது கறை, கருவறையில் அது புனிதப் பாத்திரம்.

ஆனால் 'இடத்துக்கு உரியது' என்ற அளவுகோலை அப்படியே குடிநீருக்குக் கொண்டுவந்தால் ஆபத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடும் அந்த மண்ணின் பாறைக்கு உரியதுதான். அது பல்லையும் எலும்பையும் தின்றது. அங்கே ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

வழிபாட்டுக்கான தூய்மையையும் குடிக்கும் தகுதியையும் மரபு குழப்பிக்கொள்ளவில்லை. கடல்நீர் தூய்மை செய்யும் என்பது நபிமொழி. அதைக் குடிக்கச் சொல்வதாக யாரும் பொருள் கொள்ளவில்லை. ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தம் என்பது கடலேதான். அதில் முழுகிவிட்டுத்தான் பக்தர்கள் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடப் போகிறார்கள். ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்யவோ கங்கை நீர் வர வேண்டும். முழுக ஒரு நீர், அபிஷேகத்துக்கு ஒரு நீர், தாகத்துக்கு ஒரு நீர். எதற்கு என்ற கேள்வி முதலில் வருகிறது, தூய்மை அதற்குப் பிறகு.

எல்லாத் தேவைக்கும் ஒரே தூய்மை என்ற எண்ணம் ஆர்.ஓ. இயந்திரத்தோடு வந்தது. ஆனால் கால்சியமும் மக்னீசியமும் நீருக்குத் தரும் கடினத்தன்மைக்கென்று உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதையும் வைக்கவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க அளவைச் சொல்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. தவிர்க்க முடியாததை மன்னிக்கும் நவவியின் தர்க்கம் அரசாங்க அட்டவணையிலும் எட்டிப் பார்க்கிறது.

வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும்போது, பெரும்பாலும் அதைவிட அதிகமான நீரை உப்பு செறிந்த கழிவாகத் தள்ளுகிறது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் உள்ள இடங்களில் இந்த இயந்திரத்தைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீத நீரையாவது மீட்கவும் விதி செய்யச் சொல்லி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உத்தரவு லிட்டர் கணக்கில் பேசினாலும், அடியில் கிடப்பது அறக்கேள்வி: தன் குடம் தெளிய வேண்டுமென்று பொது நிலத்தடி நீரை இறைத்து, பாதிக்கு மேல் சாக்கடையில் விட ஒருவருக்கு உரிமை உண்டா? சில வீடுகளில் அந்தக் கழிவுக் குழாயின் கீழே ஒரு பக்கெட் வைத்திருக்கிறார்கள். தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் அந்த நீர் தாராளமாகப் போதும்.