காப்பும் கடப்பாடும்

கார் வாங்க எண்ணுவோர் முதலில் நாடுவது கார்களைப் பற்றி நன்கறிந்த நண்பர் ஒருவரையே. ஊருக்கு ஒருவரேனும் அத்தகையவர் இருப்பார். இயந்திரத்தின் கொள்ளளவு, எண்ணெய்ச் சிக்கனம், உதிரிப் பாகங்களின் விலை, ஐந்தாண்டு கழித்து விற்றால் தேறும் வெள்ளி ஆகிய அனைத்தும் அவருக்கு மனப்பாடம். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் சாகாவையும், 1994இல் சருகுமானின் பெயர் தாங்கி வந்த பெரோடுவா கஞ்சிலையும் அக்குவேறு ஆணிவேறாக அலசக்கூடியவர் அவர். அவருடைய அறிவு பயனற்றது என்று எவரும் கூறார். ஆயினும் அந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. அதில் எழும் வினாக்கள் யாவும் காருக்குள் அமர்பவரைப் பற்றியவை. காருக்கு வெளியே, அதே சாலையில் செல்பவரைப் பற்றி ஒரு வினாவும் எழுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "கனமான காராகப் பார்த்து வாங்கு" என்பதே பலரும் கூறும் அறிவுரை. இயற்பியல் இதற்குச் சான்று பகர்கிறது. 2,000 கிலோகிராம் எடையுள்ள காரும் 1,000 கிலோகிராம் எடையுள்ள காரும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்குநேர் மோதிச் சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். இரண்டும் கனமான காரின் திசையிலேயே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அப்படியானால், கனமான காரின் வேகமாற்றம் 33 கிலோமீட்டர். பின்னோக்கித் தள்ளப்படும் சிறிய காருக்கோ அது 67 கிலோமீட்டர். அதிர்ச்சியின் பெரும்பங்கு எளியவர் தலையிலே விழுகிறது. உலோகக் கூடே இல்லாத மோட்டார் சைக்கிளோட்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே.

இங்கேதான் அறத்தின் கேள்வி பிறக்கிறது. தன் பிள்ளைகளைக் காக்க ஒரு தந்தை கனமான காரைத் தேர்ந்தெடுப்பது குற்றமா? குற்றம் என்று கூறிவிட எவருக்கும் மனம் வாராது. மக்களைப் பேணுவது பெற்றோரின் முதற்கடமை. ஆனால், எதிரே வரும் சிறிய காரிலும் ஒரு தந்தை இருக்கிறார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவருக்குப் பெரிய கார் வாங்க மனமில்லாமல் இல்லை, பணமில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் விஞ்சக் கனமான கார்களையே வாங்கத் தொடங்கினால், வசதியற்றோர் மட்டுமே சிறிய ஊர்திகளில் எஞ்சுவர்.

இதனைத் தெளிய, காப்பை இருவகையாகப் பிரித்துக் காணல் வேண்டும். ஆபத்தைக் குறைக்கும் காப்பு ஒன்று. ஆபத்தை அடுத்தவர் பக்கம் தள்ளும் காப்பு மற்றொன்று. 1959இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனை இருக்கை வார் முதல்வகையைச் சார்ந்தது. அதனை அணிந்தவர் பிழைப்பதால் எதிரில் வருபவர் எதனையும் இழப்பதில்லை. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ இடமளித்தது. நல்ல பிரேக்கு இன்னும் ஒருபடி மேலானது. அது உள்ளிருப்பவரையும் வெளியிலிருப்பவரையும் ஒருங்கே காக்கிறது. வெறும் எடையால் கிடைக்கும் காப்போ பெரிதும் இரண்டாம் வகை.

கார்களை மதிப்பிடும் அமைப்புகளும் இவ்வுண்மையை மெல்ல மெல்ல உணர்ந்து வந்துள்ளன. 2011இல் நிறுவப்பட்ட ஆசியான் புதிய கார் மதிப்பீட்டுத் திட்டம், 2021 முதல் நடைமுறைப்படுத்திய முறையில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தனிப்பிரிவாகவே சேர்த்தது. ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படாத பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிளைக் காட்டிக்கொடுக்கும் கருவி போன்றவற்றுக்கு அங்கே மதிப்பெண் உண்டு. வெளியில் செல்பவரும் ஒப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டார்.

பெரிய குடும்பத்தினருக்கும் சரக்கேற்றும் வணிகருக்கும் பெரிய ஊர்தி இன்றியமையாததாக இருக்கலாம். அவர்கள் அதனைத் துறக்க வேண்டுமென்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எனினும், வலிமை மிகுந்தவனுக்குக் கடப்பாடும் மிகும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எடையைக் குறைக்க இயலாதவரும் வேகத்தைக் குறைக்க இயலும்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நீதிமன்றத்துக்கும் அங்காடிக்கும் வேண்டப்படும் அந்தப் பண்பு கார் விற்பனைக் கூடத்துக்கும் வேண்டும். கார் அறிந்த நண்பர் தம் நீண்ட பட்டியலின் இறுதியில், "இந்தக் கார் மோதினால் எதிரில் வருபவர் பிழைப்பாரா?" என்ற வினாவையும் சேர்த்துக் கொள்ளட்டும். அவ்வினாவுக்கு விடை தேடி வாங்கப்படும் காரே, ஒருவர் தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லத் தகுந்த கார்.