முடிவு யாருடையது?

நெடுநாள் கேட்ட கதை முடிவுக்கு வரும் வேளையில் மனிதன் மகிழ்வது அரிது. பெரும்பாலும் வருந்துகிறான், சில வேளைகளில் சினம் கொள்கிறான். வாரந்தோறும் குறித்த நேரத்தில் நம் வீட்டுக்குள் வந்து பேசிய மாந்தர் இனி வரமாட்டார்கள் என்பது ஒரு வருத்தம். அவர்கள் விடைபெற்ற விதம் நாம் எண்ணியிருந்தபடி இல்லை என்பது மற்றொரு வருத்தம். இந்த இரண்டாவது வருத்தமே நம் சிந்தனைக்குரியது. பிறர் ஆக்கிய கதையின் முடிவு இன்னவாறுதான் இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது? இதனைப் பொழுதுபோக்கின் சிறு பூசல் என ஒதுக்கிவிடலாம். ஆயின், முடிவைப் பற்றிய வினா நம் விசுவாச வாழ்வின் நடுவிலும் நிற்கும் வினா ஆதலால் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது நலம்.

அமெரிக்காவில் 2004 செப்டம்பரில் 'லாஸ்ட்' என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் பறந்த விமானம் ஒன்று அறியாத தீவில் விழுகிறது. உயிர் தப்பியோர் கண்ட அத்தீவில் காலம் முன்னும் பின்னும் நகர்கிறது. விந்தையான காந்த ஆற்றல் புதைந்து கிடக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்தவர் எழுந்து நடக்கிறார். அறிவியற் புனைவும் மறைபொருளும் கலந்த இக்கதை ஆறு பருவங்கள் நீண்டு, 2010 மே 23-இல் முடிவுற்றது. இறுதிக் காட்சியில் மாந்தர் பலர் ஓர் ஆலயத்தில் கூடுகின்றனர். பல சமயங்களின் அடையாளங்கள் பொறித்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் அங்கே உள்ளது. சிலர் முன்னரும் சிலர் நெடுங்காலம் கழித்தும் இறந்து, இறப்புக்குப் பின் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடம் அது என்று தெரியவருகிறது.

கண்டவர்களுள் கண்ணீர் விட்டோர் பலர். "தீவின் புதிர்களுக்கு விடை எங்கே?" என்று கொதித்தோரும் பலர். எல்லாரும் விமானம் விழுந்தபோதே இறந்துபோயினர் என்று தவறாகப் பொருள் கொண்டு, ஏமாற்றப்பட்டோம் எனக் கூறியவர்களும் இருந்தனர். கதையை ஆக்கியோருள் ஒருவரான டேமன் லிண்டெலாஃப் மீது ஆண்டுக்கணக்கில் வசைமொழிகள் பொழியப்பட்டன. 2013 அக்டோபரில் அவர் 'ட்விட்டர்' தளத்தை விட்டே விலகினார்.

தொலைதேசத்துச் செய்தி என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. நம் நாட்டில் 1987 சனவரியில் தொடங்கிய இராமானந்த் சாகரின் 'இராமாயணம்' தொடர் 1988 சூலை 31-இல் இராமர் முடிசூட்டோடு நிறைவுற்றபோது, பஞ்சாபின் ஜலந்தர் நகரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கதை இங்கே முடியக்கூடாது, இலவனும் குசனும் பிறக்கும் பகுதியும் காட்டப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வேறு நகரங்களுக்கும் அக்கிளர்ச்சி பரவிற்று. குப்பைகள் தெருவில் குவிந்தன. அரசு இறங்கி வந்தது. 'உத்தர இராமாயணம்' 1988-89-இல் ஒளிபரப்பாயிற்று.

இன்னுமொன்று. 1997-இல் தூர்தர்சனில் தொடங்கி, 400-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிய 'சக்திமான்' தொடரைத் தமிழகத்துச் சிறார் பலரும் அறிவர். அறிவியலும் யோகமும் கலந்து படைக்கப்பட்ட அந்த நாயகன், ஆபத்தில் இருப்போரிடம் சுழன்று பறந்து வருபவன். 2005-இல் அத்தொடர் முடிந்தது என்பதைவிட நின்றுபோயிற்று என்பதே பொருந்தும். அன்று சிறுவராயிருந்தோர் பெற்றோராகிவிட்ட பின்னரும், அவன் திரும்பி வருவானா என்று அந்த வேடம் பூண்ட முகேஷ் கன்னாவைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒரே தட்டில் வைத்து, 'இரசிகர்களின் பைத்தியம்' என்று பெயரிடுவது எளிது. அது நேர்மையான தீர்ப்பு ஆகாது. இவற்றுள் மூன்று வேறு மனநிலைகள் உள்ளன.

முதலாவது, பிரிவுத் துயர். சக்திமானைத் தேடும் இளைஞர் உண்மையில் தம் குழந்தைப் பருவத்தையும், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அண்டைவீட்டுப் பிள்ளைகளோடு கூடி அமர்ந்த நடையையுமே தேடுகிறார். அன்பு செய்ததைப் பிரிகையில் வருந்துவது குற்றமன்று. இலாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்ட ஆண்டவரை வழிபடும் நாம், பிறர் கண்ணீரை நகைக்கத் தகுதியற்றவர்கள்.

இரண்டாவது, நீதியின் கோரிக்கை. ஜலந்தரின் தொழிலாளர்கள் பலர் வால்மீகி முனிவரைத் தம் முன்னோராகவும் குருவாகவும் போற்றும் சமூகத்தினர். இராமாயணத்தின் பிற்பகுதியில்தான் வால்மீகி கதையின் உள்ளே வந்து, கைவிடப்பட்ட சீதைக்கு அடைக்கலம் தருகிறார். அவள் பிள்ளைகளை வளர்க்கிறார். அப்பகுதியை விட்டுவிட்டுக் கதையை முடித்தால், நாட்டின் தெருக்களைத் தூய்மை செய்யும் மக்களின் பெருமை மட்டும் திரைக்கு வெளியே நின்றுவிடும். எனவே அவர்கள் கேட்டது இனிப்பான முடிவு அன்று. கதையில் தமக்குரிய இடத்தையே கேட்டனர். நாடு முழுவதும் கூடி அமர்ந்து காணும் கதையில் யாருக்கு இடம், யாருக்கு இடமில்லை என்பது அறநெறி சார்ந்த வினாவே. அதனைக் கேட்டவர்களைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை.

மூன்றாவதே நாம் அஞ்சவேண்டியது. அது உடைமை உணர்வு. "ஆறாண்டு பார்த்தேன், ஆகவே முடிவு எனக்குக் கடன்" என்னும் கணக்கு அது. இக்கணக்கில் கதை ஒரு சரக்காகவும், கதைஞன் சரக்கில் குறைவைத்த வணிகனாகவும் மாறிவிடுகின்றனர். 2019-இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் இறுதிப் பருவத்தை வேறு எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கவேண்டும் என்ற விண்ணப்பத்தில் 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெயர் பதித்தனர். விண்ணப்பம் வைப்பது பாவமன்று. ஒரு படைப்பைக் குறைகூறவும் காண்போருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் படைப்பைப் பழிப்பதும் படைத்தவனைப் பழிப்பதும் ஒன்றல்ல. அவனும் உண்டு உறங்கும் மனிதன். அவனுக்கும் பிழை செய்யும் உரிமை உண்டு. முகம் காணாத இடத்திலிருந்து எறியப்பட்ட கல்லும் கல்தான். சகோதரனை இகழ்ந்துரைப்பதைக் கொலையோடு சேர்த்து எண்ணிய மலைப்பொழிவு, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்போருக்கு விலக்கு அளித்ததாகத் தெரியவில்லை.

இந்த உடைமை உணர்வின் வேர் எங்கே உள்ளது? மணவூரிலிருந்து இதனை எழுதும் நமக்கு, இவ்வட்டாரத்துக் கூத்து நினைவுக்கு வருகிறது. திருத்தணியைச் சுற்றிய தொண்டைமண்டலத்து ஊர்களில் கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் சொல்வர். இரவெல்லாம் கூத்து நடக்கும். இறுதியில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பேருருவம் திடலில் கிடக்கும். திரௌபதி சபதம் நிறைவேறிக் கூந்தல் முடிவாள். கூடியிருக்கும் எவருக்கும் முடிவு புதிதன்று. பாட்டனுக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். எனினும் ஆண்டுதோறும் வருகின்றனர். வீழ்ந்துகிடக்கும் பகைவனுக்காக ஒப்பாரி பாடப்படும்போது அதனையும் கேட்கின்றனர். நம் கிறிஸ்தவ ஊர்களில் நடைபெறும் பாஸ்கா நாடகமும் அத்தகையதே. சிலுவை தவிர வேறு முடிவு இல்லை என்று அறிந்தே மக்கள் விடியும்வரை அமர்ந்திருக்கின்றனர். 2020-இல் பெருந்தொற்றுக்கால ஊரடங்கில் 'இராமாயண'மும் 'சக்திமா'னும் மறுபடி ஒளிபரப்பானபோது வீடுகளில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

முடிவு தெரிந்த கதையைக் காண வருபவன், அடுத்து என்ன நேரும் என அறிய வருவதில்லை. அந்நிகழ்ச்சியின் முன் தானும் நிற்கவேண்டும் என்பதற்காக வருகிறான். கதை அவனுக்கு உரியதாக இருப்பதைவிட, அவன் கதைக்கு உரியவனாக இருக்கிறான். தொடர்க்கதையோ வேறு விதமாய் நம்மைப் பழக்குகிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு; அவிழ்க்க அடுத்த வாரம் வரை காத்திருப்பு. ஆர்வத்தை வளர்ப்பதே அதன் தொழில். வளர்ந்த ஆர்வம் இறுதியில் கடனாளியைத் தேடும் கடன்காரனாக மாறுவதில் வியப்பில்லை.

இங்கே மற்றோர் ஆபத்தையும் சொல்லவேண்டும். 'சக்திமான்' ஓடிய நாள்களில், அவன் வந்து காப்பான் என நம்பிச் சிறுவர் சிலர் உயிருக்கு ஊறு தரும் செயல்களில் இறங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. அச்செய்திகள் எழுந்த பின், முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி அவ்வாறு செய்யலாகாது எனக் குழந்தைகளை வேண்டிக்கொண்டார். இதனைக் கேட்கும்போது நற்செய்தியின் ஒரு காட்சி நம் கண்முன் வருகிறது. அலகை இயேசுவை எருசலேம் கோவிலின் உயர்ந்த முகட்டில் நிறுத்தி, கீழே குதிக்கச் சொல்லி, தூதர்கள் தாங்குவர் என்று மறைநூலையே சான்று காட்டுகிறது. அவர் குதிக்கவில்லை. தந்தை காப்பார் என்பதில் ஐயம் கொண்டு அவர் நின்றுவிடவில்லை. தாம் எழுதிவைத்த காட்சியில் வந்து நடிக்குமாறு தந்தையை அழைக்க அவர் விரும்பவில்லை. குழந்தைகளின் அறியாமைக்கு இரங்குகிறோம். ஆனால் வயதுவந்த நம் மன்றாட்டுகளை ஆராய்ந்தால், அவற்றுள் எத்தனை, நாம் எழுதிய முடிவுக்கு இறைவனிடம் கையொப்பம் கேட்பவை? நோய் இவ்வாறு தீரவேண்டும், வழக்கு இவ்வாறு முடியவேண்டும், பிள்ளைக்கு இந்த இடமே அமையவேண்டும். கேட்பது தவறன்று. கேட்டபடி வராதபோது, தொடரை வெறுத்துப் பெட்டியை அணைப்பவர்போல் செபத்தை நிறுத்திவிடுகிறோமே, அங்கேதான் நம் நம்பிக்கை எத்தகையது என்பது வெளிப்படுகிறது.

முடிவில் நிறைவின்மை மறைநூலுக்கும் புதிதன்று. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில், வெற்றுக் கல்லறையைக் கண்ட பெண்கள் அஞ்சி ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லாததோடு நூல் நின்றுவிடுகிறது. பின்வரும் பன்னிரண்டு வசனங்கள் தொடக்கக் காலத்திலேயே சேர்க்கப்பட்டன என்பர் அறிஞர். திருச்சபை அவற்றையும் இறைவார்த்தையாக ஏற்றுக்கொண்டுள்ளது. யோனா நூல் இறைவனின் ஒரு கேள்வியோடு முடிகிறது. யோனாவின் விடை இல்லை. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் விருந்துக்குள் சென்றானா என்பது சொல்லப்படவில்லை. வாசலில் அவனும் தந்தையும் நிற்கின்றனர். ஈராயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றனர். அக்கதையை முடிக்கவேண்டியவர் கேட்பவரே. நம் சொந்தச் சகோதரனை நாம் எப்படி ஏற்கிறோம் என்பதில்தான் அது முடியும்.

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரையும் எண்ணுவோம். அவர்கள் பேச்சில் ஏமாற்றம் நிறைந்திருந்தது. இசுரயேலுக்கு விடுதலை வரும் என்று எதிர்பார்த்தனர், கிடைத்ததோ சிலுவை. அவர்கள் கண்ட முடிவு அவர்கள் விரும்பிய முடிவு அன்று. உடன் நடந்த ஆண்டவர் அம்முடிவை மாற்றித் தரவில்லை. சிலுவை நிகழவில்லை என்றும் சொல்லவில்லை. மோசே தொடங்கி இறைவாக்கினர் வழியாகக் கதையை முதலிலிருந்தே எடுத்துரைத்தார். அதே நிகழ்ச்சிகள், அதே முடிவு. ஆனால் கேட்டவர்களின் உள்ளம் பற்றியெரிந்தது. பின்னர் அப்பத்தைப் பிட்டபோது அவரைக் கண்டுகொண்டனர். அவ்விரவே அவர்கள் எருசலேமுக்குத் திரும்பி நடந்தனர் என்பதை மறக்கலாகாது. ஏமாந்தவர்களாய் விட்டு வந்த இடத்துக்கே சென்றனர்.

ஆகவே கதையின் முடிவு யாருடையது என்னும் வினாவுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. அதனை ஆக்குவது கதைஞனின் பொறுப்பு; அதில் எவருடைய மாண்பும் மிதிக்கப்படலாகாது எனக் கேட்பது மக்களின் உரிமை; அதனை என்ன செய்வது என்பது கேட்டவனின் கடமை. முதலாமவனை மிரட்டிப் பெறும் முடிவு மூன்றாவது கடமையிலிருந்து நம்மை விடுவிக்காது.

நம் இல்லங்களில் பிள்ளைகள் ஒரு தொடரின் இறுதிப் பகுதியைக் கண்டு முகம் சுளித்து எழும்போது, "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அதட்டாமல் அருகில் அமர்ந்து, "நீயாயிருந்தால் எப்படி முடித்திருப்பாய்?" என்று கேட்கலாம். அந்த விடையில் பிள்ளையின் நீதியுணர்வும் அச்சமும் ஆசையும் வெளிப்படும். பின்பு, முடிக்கப்படாத கதைகளைப் பற்றியும் பேசலாம்: பேச்சை நிறுத்திக்கொண்ட சித்தப்பா வீடு, திருந்தமாட்டான் என ஊரார் தீர்ப்பெழுதிவிட்ட பக்கத்துத் தெரு இளைஞன். இவர்கள் கதையில் இறுதிப் பகுதி இன்னும் வரவில்லை. அதனை எழுதுவதில் நமக்கும் பங்குண்டு என்பதைப் பிள்ளைகள் நம் வாயால் கேட்பதைவிட, அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்பதில் கண்டுகொள்வார்கள்.