வலி கேட்கும் காது

தமிழில் 'கேட்பது' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் கேட்பதுதான்; 'எனக்கு இதைக் கொடு' என்று கேட்பதும் கேட்பதுதான். இசையின் முன்னால் உட்காரும்போது இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ஒரு பாட்டைக் கேட்கிற நாம் அந்தப் பாட்டுக்காரரிடம் எதைக் கேட்கிறோம்? அதைக் கேட்க நமக்கு என்ன உரிமை?

கொஞ்ச காலமாக, 'செவ்வியல்' என்று உலகம் ஒப்புக்கொண்ட இசைத்தொகுப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறேன். ப்ளூஸ், கண்ட்ரி, ஜாஸ், மேற்கத்திய சாஸ்திரிய இசை என்று வகை பிரித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டியல் போட்டவர்களின் காது யாருடைய காது என்கிற கேள்வி நமக்குப் புதிதில்லை. சபையில் ஒலித்தால் சங்கீதம், சேரியில் ஒலித்தால் சத்தம் என்று பிரித்துவைத்த நாட்டில் பிறந்தவர்கள் நாம். ஆனாலும் கேட்டேன். முழுசாக் கேட்டேன்.

ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பிக்காரர். 1936இலும் 1937இலும் டெக்சாஸில் அவர் பாடிப் பதிவானவை 29 பாட்டுகள்தாம். 1938இல், 27 வயதில் இறந்துபோனார். 1961இல் கொலம்பியா நிறுவனம் அவற்றில் சிலவற்றைத் தொகுத்து வெளியிட்ட பிறகு வெள்ளை இளைஞர்கள் பலர் அவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. இருப்பது ஒற்றைக் கிதார். கேட்டால் ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. கட்டைவிரல் ஒரு வேலை பார்க்க, மற்ற விரல்கள் வேறு வேலை பார்க்கின்றன. இதற்கு உலகம் விரும்பிச் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? நடுராத்திரியில் நாற்சந்தியில் நின்று பிசாசிடம் ஆன்மாவை விற்று வாங்கிய வித்தையாம். ஐக் சிம்மர்மன் என்ற கறுப்பின வாத்தியார் ஒருவரிடம் அவர் உட்கார்ந்து பழகினார் என்ற செய்தியோ அந்த அளவுக்கு யாருக்கும் ருசிக்கவில்லை.

எங்க பெரியப்பா பறை அடிப்பார். ஊர்த்தெருக்காரர்கள் அவரைப் பாராட்டுவதும் உண்டு. "அவனுங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்குப்பா" என்பார்கள். வைக்கோலை மூட்டித் தோலைக் காய்ச்சுகிற பதம், குச்சி பிடிக்கிற விரலில் விழுந்த காய்ப்பு, சின்ன வயசில் அடி தப்பும்போதெல்லாம் தாத்தாவிடம் வாங்கிய திட்டு எதுவும் அந்தப் பாராட்டில் கிடையாது. ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள். அங்கே பிசாசு, இங்கே ரத்தம். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: கற்றுக்கொண்டவனின் உழைப்பைக் காணாமல் அடிப்பது.

அடுத்தது ஜானி கேஷ். 1968 ஜனவரி 13ஆம் தேதி கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகள் முன்னால் அவர் பாடிய தொகுப்பு. சிறையைப் பற்றிய பாட்டில் ஒரு கொலையைச் சொல்கிற வரி வருகிறது. வரி முடிந்ததும் கைதிகள் 'ஓ'வென்று ஆர்ப்பரிக்கிறார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த ஆர்ப்பரிப்பு அந்த இடத்தில் எழுந்ததல்ல. பிறகு ஒலிக்கூடத்தில் சேர்த்தார்கள். காவலர்கள் சுற்றி நிற்கையில் கொலைக்குக் கைதட்டினால் என்ன ஆகும் என்று கைதிகளுக்குத் தெரியும், அமைதியாகத்தான் இருந்தார்கள். இசைத்தட்டு வாங்குகிறவருக்கு அமைதியான கைதி வேண்டாம். கொலைவெறிக் கைதி வேண்டும். அவர் கேட்டதைக் கொடுத்தார்கள். கேஷ் நல்லெண்ணத்தோடு போனவர், சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பிறகு 1972இல் அமெரிக்க செனட் குழுவின் முன் பேசியவர் என்பதையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணம் இருக்கிற இடத்திலும் கைதியின் மௌனத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

க்ளென் கூல்டு 1955 ஜூனில், 22 வயதில், பாஹின் கோல்ட்பர்க் மாறுபாடுகளை நியூயார்க்கில் பியானோவில் பதிவு செய்தார். நான் பயந்துகொண்டு கேட்க ஆரம்பித்த தொகுப்பு அது. நமக்கு எங்கே இதெல்லாம் விளங்கப்போகிறது என்கிற பயம். உன்னிப்பாகக் கேட்டால் பியானோவுக்கு அடியில் ஒரு முனகல் கேட்கிறது. வாசித்துக்கொண்டே அவர் பாடுகிறார். களை எடுக்கிற பெண்கள் வாய்க்குள்ளே முணுமுணுப்பார்களே, அந்த மாதிரி. அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குள் போய்விட்டேன். கூல்டின் குட்டை நாற்காலியைப் பற்றி, கையுறையைப் பற்றியெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் 'உன் சனங்களின் துயரத்தை இதில் எங்கே வைத்தாய்?' என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. சாட்சி சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் இரண்டே நாட்களில் பதிவானது. குளத்துத் தண்ணீர் மேலே காற்று நடந்துபோகிற மாதிரி இருக்கிறது, அவசரமே இல்லை. 1959 ஆகஸ்ட் 17இல் அது வெளிவந்தது. எட்டே நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் விடுதியின் வாசலில் அவர் நின்றார். வெள்ளைக்காரப் பெண் ஒருவரை டாக்சியில் ஏற்றிவிட்டு நின்றவரைப் போலீஸ்காரர் நகரச் சொன்னார். மறுத்ததற்குத் தலையில் அடி, சட்டையெல்லாம் ரத்தம், கைது. பிறகு வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இதைப் படித்தபின் அந்தத் தொகுப்பைத் திரும்பக் கேட்டால், ஒவ்வொரு சுரத்திலும் ரத்தத்தைத் தேடத் தோன்றுகிறது. ஆனால் அடி விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே பதிவானது அந்த இசை. அந்த அடி அதற்குள் இல்லை. இல்லாததை அங்கே கேட்பது, ஒரு கறுப்பு மனிதன் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட அமைதியையும் பிடுங்குவதாகும். அடித்தவன் உடம்பிலிருந்து எடுத்தான். நாம் இசையிலிருந்து எடுக்கிறோம்.

அதே தொகுப்பில் சாக்ஸபோன் வாசித்தவர்களில் ஒருவர் ஜான் கோல்ட்ரேன். 1963 செப்டம்பர் 15இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியானார்கள். அந்த நவம்பரிலேயே அவர் 'அலபாமா' என்று ஒரு துண்டைப் பதிவு செய்தார். அதில் வலி இருக்கிறது, மறைக்கவில்லை. அதை 'என்ன அழகு' என்று மட்டும் சொல்லி எழுந்து போவதும் களவுதான். அடுத்த ஆண்டு டிசம்பரில் பதிவு செய்து 1965இல் வெளியான 'எ லவ் சுப்ரீம்' வேறு. அதன் கடைசிப் பகுதியில், தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையின் சொற்களை வாயால் சொல்லாமல் சாக்ஸபோனால் சொல்கிறார். கடவுள் நம்பிக்கையில்லாத எனக்கும் தொண்டை அடைத்தது. ஒரே மனிதர், ஒரே கருவி. ஒரு நாள் சாவுக்கு வாசிக்கிறார், இன்னொரு நாள் நன்றிக்கு வாசிக்கிறார். எந்த நாள் எதற்கு என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

'இசைக்கு ஏதுங்க சாதி, நிறம்? கண்ணை மூடிக் கேளுங்க' என்பவர்கள் உண்டு. ஆண்டைகள் ஒருபோதும் கண்ணை மூடிக் கேட்டதில்லை. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. அங்கே கையிலிருந்து பிடுங்கினார்கள். இங்கே 'சாவுக்கு நீதான்டா அடிக்கணும்' என்று கழுத்தில் மாட்டினார்கள். அதனால்தான் நம்மில் சிலர் பறையைக் கீழே வைத்தார்கள், வேறு சிலர் அதையே விடுதலை மேடைக்கு எடுத்துவந்தார்கள். இரு தரப்புக்கும் நடந்த சண்டை நமக்குத் தெரியும். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்: எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அடிப்பவரே சொல்ல வேண்டும்.

இது தூரதேசத்து இசைத்தட்டோடு முடிகிற விஷயமில்லை. நமது பிள்ளை ஒருத்தி மழையைப் பற்றி ஒரு கவிதை அனுப்புகிறாள். "நல்லாருக்கும்மா, ஆனா உங்க வாழ்க்கைய எழுதுங்களேன்" என்று பதில் வருகிறது. மழை அவள் வாழ்க்கையில் பெய்யவில்லையா? கூரை ஒழுகினால்தான் அது அவளுடைய மழையா? சாட்சியம் நமது ஆயுதம், மறுக்கவில்லை. அந்த ஆயுதத்தை அடுத்தவர் கேட்டபோதெல்லாம் எடுத்து ஆட்டிக் காட்டினால் அது வேடிக்கையாகிவிடும். இதைச் செய்கிறவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. இயக்கக் கூட்டங்களில் நாமும் நமது பிள்ளைகளிடம் காயத்தைத்தான் கேட்கிறோம்.

கேட்பவருக்குக் கடன் உண்டு. வாசித்தவரின் பெயரையும் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் தெரிந்துகொள்வது, உழைப்பை உழைப்பென்று சொல்வது, வலியைக் கொடுத்தால் கூசாமல் வாங்கிக்கொள்வது. கொடுக்காதபோது கையேந்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய கடன். அந்தப் பிள்ளையின் மழைக் கவிதையை மழைக் கவிதையாகவே வாசிக்கப் பழகுவோம்.