கடவுள் மேல் போட்ட பழி

2022 அக்டோபர் 30 மாலை, குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேலிருந்த தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பாலத்தைப் பராமரித்த நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் நீதிபதி முன் நின்று, இது கடவுளின் சித்தம் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சித்தம் எங்கே எழுதப்பட்டது? கம்பியில் பார்ப்போம். பாலத்தைத் தாங்கிய முதன்மை வடத்தில் 49 கம்பிகள். அவற்றில் 22 துருப்பிடித்திருந்தன, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்றது அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழு. பாலம் திறக்கப்பட்டது 1879இல். 2022இல் மாதக்கணக்கில் மூடிவைத்துப் புதுப்பித்தபோதும் அந்த வடத்தை மாற்றவில்லை. தரையை மாற்றினார்கள். மரப்பலகையை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டார்கள். பழைய தொங்கு கம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் பளபளத்தது; உயிரைத் தாங்குகிற இடம் துருவோடு கிடந்தது. எத்தனை பேரைத் தாங்கும் என்று எடை வைத்துச் சோதிக்கவுமில்லை. விழுந்த நேரத்தில் ஏறத்தாழ 300 பேர் அதன்மேல் நின்றார்கள்.

திறந்தது அக்டோபர் 26, குஜராத்திப் புத்தாண்டு அன்று. நல்ல நாளில் திறந்தார்கள், நான்கு நாள் கழித்து விழுந்தது. அந்த நான்கு நாளும் டிக்கெட் விற்பனை மட்டும் தடையின்றி நடந்தது.

முதலில் கைதான ஒன்பது பேரில் டிக்கெட் கொடுத்தவர்களும் காவலாளிகளும் இருந்தார்கள். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சரணடைந்தது மூன்று மாதம் கழித்து. நம் நாட்டு விபத்துகளில் இதுதான் வழக்கம்: பழி வானத்துக்கு ஏறும், இல்லாவிட்டால் வாசலில் நின்றவன் தலையில் இறங்கும். நடுவில் இருக்கும் கையெழுத்துகளில் அது எளிதில் தங்குவதில்லை. இவ்வளவு முக்கியமான வேலைக்கான ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது எப்படி என்று குஜராத் உயர் நீதிமன்றம் கேட்டது. அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியவை மனிதக் கைகள்.

கடவுளை நம்புகிறவர்களைத்தான் நான் முதலில் கேட்கிறேன். உங்களுக்கு என்னைவிட அதிகக் கோபம் வர வேண்டாமா? செலவை மிச்சம் பிடித்தவன் செய்த கொலையை நீங்கள் கும்பிடுகிற தெய்வத்தின் கணக்கில் எழுதுகிறானே! நீங்களோ இறந்த வீட்டுக்குப் போய், "விதி முடிஞ்சுபோச்சு, என்ன செய்ய?" என்று ஆறுதல் சொல்கிறீர்கள். அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் குற்றவாளிக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடைக்க மாட்டான்.

இதே மோர்பி இதே வார்த்தையை முன்பும் கேட்டிருக்கிறது. 1979 ஆகஸ்ட் 11 அன்று, ஊருக்கு மேலே மச்சு ஆற்றில் இருந்த இரண்டாவது அணையின் மண்கரை உடைந்தது. மதகுகள் விநாடிக்குச் சுமார் 5,600 கன மீட்டர் வெள்ளத்தை வெளியேற்றும் என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தார்கள். வந்தது அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஊரே மூழ்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள் என்பதைத் தவிர எத்தனை பேர் என்ற சரியான கணக்கு இன்றுவரை இல்லை. அதையும் கடவுளின் செயல் என்றார்கள். விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். வேலையை முடிக்கும் முன்பே அதைக் கலைத்துவிட்டார்கள். யார் கணக்கிட்டது, யார் சரிபார்த்தது, எச்சரிக்கை ஏன் ஊருக்கு வந்து சேரவில்லை என்ற கேள்விகளுக்கு அந்தக் கமிஷனிடமிருந்து இறுதி விடை வரவே இல்லை.

ஆனால் அணையைத் திரும்பக் கட்டியபோது, வெள்ளத்தை வெளியேற்றும் திறனைப் பல மடங்கு கூட்டித்தான் கட்டினார்கள். உடைத்தது கடவுள் என்றால், மதகை எதற்காகப் பெரிதாக்கினார்கள்?