திருவீழிமிழலைக் காசு

சைவப் பாடசாலை ஆசிரியர்காள்,

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை, அப்பரும் சம்பந்தரும் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்த வரலாற்றை மாணாக்கர்க்கு ஓதுகின்றோம். சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கழித்தமையால் அவர் மடத்திற் சோறு பிந்திற்று. கைத்தொண்டு புரிந்த அப்பர் காசோ குறையாது செல்லுபடியாயிற்று.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண் மூடியபோது, பள்ளி சென்றிருந்தமையால் உயிர் பிழைத்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். எஞ்சினோர் பலர்க்குக் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகள் புகலாயின. நாடெங்குமிருந்து பொருள் குவிந்தது. எம் பள்ளியும் பழந்துணி சேர்த்தனுப்பிற்று. அவற்றுட் கிழிந்தவை மிகுதி. அதுவும் வாசிபட்ட காசன்றோ! புதுமனைகளோ 2016இலேதான் கிடைத்தன. பிந்திய சோறு அது.

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தைப் பாருங்கள். கொழுந்து பறிப்போர் தம் கூலியிற் சிறிது மாதந்தோறும் ஒதுக்குவர். ஒரு லயத்திற் சாவு நேரின் பெட்டிக்கும் பந்தலுக்கும் அப்பணம் உதவும். குழி வெட்டுவோரும் அயலாரே. யாசித்தல் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. மிஷன் பள்ளியிற் பயின்ற யாம் அயலார்க்கன்பு என்பதனை ஆண்டுப் பாடமாகக் கற்றோம், லயத்திலேதான் கண்டோம்.

2023 மார்ச்சிலே பூனாகலைக் கபரகலையில் மண் மீண்டும் சரிந்தது. குடும்பங்கள் பல மனையிழந்தன. அதன்பின் எம் பள்ளியிற் பிடியரிசிப் பானை வைத்தோம். வெள்ளிதோறும் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி இடுவர். உமியும் கல்லும் நீக்குதலை அவர்க்கு விட்டிலோம். ஆசிரியராகிய யாமே மாலையிற் சுளகெடுத்து அமர்கின்றோம்.