ஒரே பாலமா, வேறு பாலமா?

உறுப்புகள் மாறியபின்னும் ஒரு பொருள் பழைய பொருளாகவே நிற்கிறதா என்னும் கேள்வியை மேலைத் தத்துவ நூல்கள் பெரும்பாலும் மரக்கலத்தை வைத்தே விவாதித்துள்ளன. ஏதென்ஸ் நகரத்தார் தம் தொன்மவீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை மாற்றி மாற்றிக் காத்துவந்ததைப் புளூட்டார்க் குறித்திருக்க, பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ், கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸுடையது என்று கேட்டுச் சிக்கலை இறுக்கினார். ஹாப்ஸ் கற்பனை செய்ததைப் பாரிஸ் நகரம் சேன் ஆற்றின்மேல் ஏறத்தாழ நடத்தியே காட்டிவிட்டது.

'கலைகளின் பாலம்' என்று பொருள்படும் போன் தேஸ் ஆர், அந்நகரின் முதல் இரும்புப் பாலம். 1804இல் கட்டி முடிக்கப்பட்டது. நடந்து செல்வோருக்கென்றே ஒன்பது வளைவுகளோடு எழுந்த அதில் செடித்தொட்டிகளும் இருக்கைகளும் வைத்து, ஆற்றின்மேல் ஒரு தோட்டம்போல அமைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பு, அதாவது உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு, மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்கு தாங்கும்; மோதினாலோ வளைந்து கொடுக்காமல் முறியும். படகுகள் இடித்து இடித்துத் தளர்ந்த பாலம் 1977இல் மூடப்பட, 1979இல் ஒரு சரக்குப் படகு மோதியதில் அறுபது மீட்டர் அளவுக்குச் சரிந்தது. 1984இல் அதே இடத்தில், அதே பெயரில், ஏழு வளைவுகளோடு எஃகுப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய வளைவுகள் சில, மார்ன் ஆற்றங்கரையிலுள்ள நோஜான் என்னும் ஊருக்குச் சென்று அங்கே மீண்டும் நிறுத்தப்பட்டன.

பாரிஸில் நிற்பது, நோஜானில் நிற்பது என்னும் இரண்டில் எதையும், இந்தியத் தத்துவ மரபினரான நியாய வைசேடிகர் பழைய பாலமென்று ஒப்பமாட்டார்கள். அவர்கள் கொள்கையில் அவயவி, அதாவது உறுப்புகளில் தங்கி நிற்கும் முழுப்பொருள், ஓர் உறுப்பு நீங்கினாலே அழிந்து புதிதாகத் தோன்றுவதால், கரைச்சாலையை அகலப்படுத்த 1852இல் இரு வளைவுகளை ஒன்றாக்கியபோதே முதற்பாலம் முடிந்துபோயிற்று. கணபங்கம் பேசும் பௌத்தருக்கோ, பொருள்யாவும் கணந்தோறும் தோன்றி அழிவன ஆதலால், பாலம் என்பது ஒரு தொடர்ச்சிக்கு இட்ட பெயரே. இவ்விரு விடைகளிலும் முரணில்லை. ஆயினும் ஆற்றைக் கடக்க வந்தவருக்கு இவற்றால் ஆவது குறைவு.

உண்மையில், கப்பலுக்குச் சொன்னது பாலத்துக்கு அப்படியே பொருந்தாது. எத்துறையில் நின்றாலும் கப்பல் கப்பலே. பாலமோ இன்ன கரையை இன்ன கரையோடு சேர்ப்பது என்னும் உறவையே தன் இயல்பாக உடையது. லூவ்ர் அரண்மனைக்கும் எதிர்க்கரையிலுள்ள கல்விக்கழகத்துக்கும் இடையே உள்ள அந்த உறவு பாரிஸிலேயே தங்கிவிட்டதால், நோஜானில் நிற்பதைப் புனிதர்களின் எலும்புகளைப் போன்ற திருவெச்சம் என்று சொல்வதே தகும். எச்சத்தை வணங்குபவரும் அதைப் புனிதர் என்று அழைப்பதில்லை. தம் அன்பு மாறாதிருக்க வேண்டிக் காதலர்கள் பூட்டிச்சென்ற ஏறத்தாழ 45 டன் பூட்டுகளும் 2015இல் அகற்றப்பட்டது பாரிஸிலுள்ள எஃகுப் பாலத்திலிருந்துதான்.