ஈரமும் பதமும்

மனிதர்களை எடைபோட நம் கைவசமுள்ள சொற்களில் ஈரம் ஒன்று. நெஞ்சில் ஈரமுள்ளவன் நல்லவன், இல்லாதவன் கல். நம் கவிதைகளும் இந்தத் தீர்ப்பைத் தாண்டியதில்லை. இந்தச் சொல்லை நான் சந்தேகித்தது சுருட்டை வைத்து.

உத்திரமேரூரில் இருந்துகொண்டு உறையூர்ச் சுருட்டைக் காப்பது சுலபமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பூக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இலை சருகாகிப் பிளக்கிறது. பற்றவைத்தால் வேகமாக எரிந்து நாக்கைச் சுடுகிறது. மூடிய மரப்பெட்டியில், சுருட்டைத் தொடாதபடி, நனைத்த பஞ்சு வைக்கிறேன். உள்ளே காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை நிற்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஈரம் மிஞ்சிச் சூடும் சேர்ந்தால் புகையிலை வண்டு பொரிந்து துளைபோடும்.

ஈரப்பதம்: பாடப்புத்தகம் சேர்த்துவைத்த இரண்டு சொற்களை ஒழுக்க விசாரத்தில் நாம் பிரித்துவிட்டோம். ஈரத்தை வைத்துக்கொண்டு பதத்தை விட்டோம்.

அளந்து காட்டும் இரக்கம் கஞ்சத்தனமல்லவா என்று கேட்கலாம். பதம் வெறும் அளவல்ல. சோற்றுக்கு ஒரு பதம், பாகுக்கு ஒரு பதம். எதற்காக என்பதைப் பொறுத்தது அது. துக்கத்தில் இருப்பவனைத் தன் அழுகையால் மேலும் நனைக்கிறவன் தன் ஈரத்தைக் காட்டிக்கொள்கிறான். எதிரில் இருப்பவனைப் பார்க்கவில்லை.

மேலும், ஈரம் சுருட்டின் சொந்தச் சொத்தல்ல. புகையிலை சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை வாங்குகிறது. காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மனிதனும் அப்படியென்றால், ஈரமற்றவன் என்று ஒருவனைக் குற்றம்சாட்டுமுன் அவன் கிடந்த பெட்டியை விசாரிக்கவேண்டும். இதனால் பொறுப்பு மறைந்துவிடாது. பெட்டியைக் காப்பவனிடம் போகிறது.

இவ்வூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டு, கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரியவை, குடவோலைக்காகப் புகழப்படுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் என்றொரு குழு வருகிறது. ஊரின் ஈரத்தைக் காக்கும் பொறுப்பு 360 நாட்களுக்கு. கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதலாகாது. பெயர் எழுதப்பட நிலமும் வேதப் படிப்பும் வேண்டியிருந்தன. அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றவர்கள் பலர். எனினும் ஈரத்துக்குக் கணக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் அங்கே இருந்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை.

இவ்வளவு கவனமும் எரிப்பதற்காகத்தான். பெட்டியிலேயே தங்கிவிட்ட சுருட்டு எத்தனை பதமாக இருந்து என்ன பயன்? செலவாகாத இரக்கத்தைப் பற்றியும் எனக்கு இதே கேள்விதான்.